காலிக் கூண்டுக்கு யார் வாடகை கட்டுவது?

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் மளிகையோ பாத்திரமோ பூஜைச் சாமானோ இறக்குமதி செய்து விற்பவர்களின் பெயர்ப்பலகை டன்லப் ஸ்திரீட்டிலோ கேம்பல் லேனிலோ தொங்கும். சரக்கு கிடப்பதென்னவோ ஜூரோங்கில், பாண்டான் லூப்பில், காக்கி புக்கிட்டில். கடைவீட்டு மாடியிலேயே மூட்டைகளை ஏற்றி வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர், வியாபாரம் கொஞ்சம் பெருத்ததும் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட் எடுக்கிறார். எடுத்த முதல் மாதமே சரக்கை எதில் போட்டு அடுக்குவது என்ற கேள்வி வந்து நிற்கிறது. கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்தான்: இரும்புக் கூண்டு வாங்கிப் போடுங்க, ஆயுசுக்கும் உழைக்கும்.

உழைக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் எதைப் பார்த்து வாங்குகிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கூண்டின் நெற்றியில் ஒட்டியிருக்கும் தகட்டில் 1000 கிலோ, 1500 கிலோ என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறார்கள். பிறகு ஒன்றின் விலையைப் பார்க்கிறார்கள். சிங்கப்பூரில் இந்த இரண்டும் கணக்கின் சிறிய பகுதி. கூண்டு நிறைந்திருக்கும்போது எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டிலும், காலியாக இருக்கும்போது எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதே இங்கே பெரிய செலவு.

முதலில் இரும்பின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுவோம். மரப் பேலட்டின் மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கினால் அடியில் இருப்பது மேலே இருப்பதன் பாரத்தைச் சுமக்கும்; மூன்றாம் அடுக்கில் அட்டை நசுங்கிவிடும். கம்பிக் கூண்டில் பாரம் நான்கு மூலைக் கால்கள் வழியாகத் தரைக்கு இறங்குகிறது, உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றையும் சுமப்பதில்லை. ஆகவே ரேக் போடாமலே மூன்று, நான்கு அடுக்கு ஏற்றலாம். ஐரோப்பாவில் ரயில்வேக்களும் தொழிற்சாலைகளும் பல்லாண்டுகளாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் கம்பிப் பெட்டியின் அளவு எங்கும் ஒன்றே: வெளிப்புறம் 1240 மில்லிமீட்டருக்கு 835, உயரம் 970, தாங்கும் எடை 1500 கிலோ. ஒருவர் சரக்கோடு கொடுத்துவிட்டு இன்னொருவரிடமிருந்து காலியை வாங்கிக்கொள்ள முடிகிறதென்றால், எல்லாரும் ஒரே அளவுக்கு ஒப்புக்கொண்டதுதான் காரணம்.

நம்மவர்களின் சரக்குக்கும் கூண்டு பொருந்தும் இடங்கள் உண்டு. குத்துவிளக்கு, அண்டா, இட்லிக் கொப்பரை, கிரைண்டர் கல் இவையெல்லாம் எந்தப் பெட்டிக்கும் அடங்காத உருவங்கள். பேலட்டில் அடுக்கிப் பிளாஸ்டிக் தாள் சுற்றினால் பாதி வழியில் சரிந்துவிடும். கூண்டில் போட்டால் நிற்கும். என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். பொங்கலுக்கு வரும் மண்பானைகளுக்கு, நடுவே ஒரு தட்டுப் பலகை கொடுத்துவிட்டால், இதைவிட நல்ல இடம் கிடையாது. கரும்புக்கு மட்டும் நான்கு பக்கமும் மூடிய கூண்டு ஆகாது. மூலைத்தூண்கள் மட்டும் உள்ள திறந்த இரும்புச் சட்டம் வேண்டும்.

சரி, பொங்கல் முடிந்த பிறகு?

லிட்டில் இந்தியா வியாபாரத்தின் இரண்டு மலைகள் தீபாவளியும் பொங்கலும். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பிருந்து கிடங்கு கழுத்துவரை நிறையும். பண்டிகைச் சந்தை முடிந்ததும் வடியும். அந்த உச்சத்துக்குத் தேவையான எண்ணிக்கையில் கூண்டு வாங்கியவர், ஆண்டின் பெரும்பகுதி பாதிக் கூண்டுகளைக் காலியாகவே வைத்திருக்கிறார். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1200க்கு 1000 மில்லிமீட்டர் அடியளவுள்ள, மடங்காத கூண்டுகள் 60 காலியாக இருக்கின்றன. நான்கு அடுக்காக வைத்தால் 15 வரிசை. இடைவெளியே விடாமல் 18 சதுர மீட்டர். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே நுழைய வழி விட்டால் அதற்கும் மேல். 200 சதுர மீட்டர் யூனிட்டில் இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. காற்றை அடைத்து வைக்க மாதாமாதம் வாடகை. அதே கூண்டு மடங்குகிற வகையாக இருந்து, மடித்தால் கால்பங்கு உயரம் என்று வைத்துக்கொண்டால், நான்கே வரிசை, 5 சதுர மீட்டருக்குள் முடிந்தது. மடங்கும் கூண்டின் விலை கூடத்தான். அந்தக் கூடுதலை வாடகை மிச்சத்தால் வகுத்து, எத்தனை மாதத்தில் ஈடாகிறது என்று பார்த்துவிட்டு வாங்கியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. விற்பவரும் அந்தக் கணக்கை எடுத்து வைப்பதில்லை.

மடங்கும் கூண்டுக்கும் ஒரு குறை உண்டு. கீல்கள் உள்ள இடமெல்லாம் பலவீனமான இடம். மடிக்கும்போது விரல் மாட்டும். மடித்து விரிக்கச் சோம்பல்பட்டு ஆட்கள் அப்படியே விட்டுவிட்டால், கூடுதல் விலை கொடுத்ததும் வீண். வாங்குவதோடு வேலை முடிவதில்லை, மடிக்கிற பழக்கத்தையும் கிடங்கில் கொண்டுவர வேண்டும்.

அடுத்தது தரை. தகட்டில் 1000 கிலோ என்று போட்டிருப்பது கூண்டின் பலம். கட்டடத்தின் பலம் வேறு. நிலம் குறைந்த ஊர் ஆகையால் இங்கே கிடங்குகள் மாடி மாடியாக எழுகின்றன. லாரி நேராக ஆறாவது, ஏழாவது தளத்துக்கே ஏறி வரும். அப்படிப்பட்ட தொழிற்கூடங்களில் தரை தாங்கும் அளவு சதுர மீட்டருக்கு 7.5 கிலோநியூட்டன், 10, 12.5 என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். 7.5 என்பது சுமார் 765 கிலோ. இப்போது நான்கு அடுக்கைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டன் சரக்கு, வெறும் கூண்டே 70 முதல் 85 கிலோ. ஆக மொத்தம் 4.3 டன், நிற்பது 1.2 சதுர மீட்டரில். சதுர மீட்டருக்கு 3.5 டன்னுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 35 கிலோநியூட்டன். பாதித் தரை நடைவழிக்குப் போகிறது என்று சராசரி போட்டாலும் 17க்குக் குறையாது. கூண்டு தாங்கும், தரை தாங்காது. அதுவும் அந்தப் பாரம் நான்கு சிறிய கால்களில் இறங்குகிறது. தரைத்தளக் கிடங்கு உள்ளவருக்கு இந்தக் கவலை குறைவு. மாடியில் இருப்பவர் அதிகபட்சம் இரண்டு அடுக்கோடு நிறுத்த வேண்டியிருக்கும். இரண்டு அடுக்குத்தான் ஏற்ற முடியும் என்றால் 1500 கிலோ கூண்டுக்கு ஏன் கூடுதல் காசு? இந்தக் கேள்வியைக் கேட்காமல் கனமான கூண்டை வாங்குவது யானை வாங்கிக் கொல்லையில் கட்டுவது மாதிரிதான். லிட்டில் இந்தியா கடைவீடுகளின் மாடிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். 1989ல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்ட இடம் அது, பல கடைகளில் இன்னும் மரத்தளம்.

துரு விஷயத்துக்கு வருவோம். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். ஜூரோங், பாண்டான் பக்கமென்றால் கடற்காற்றின் உப்பும் சேரும். இங்கே பெயின்ட் அடித்த கூண்டு ஃபோர்க்லிஃப்ட்டின் முள் உரசுகிற முதல் நாளிலிருந்தே துருப்பிடிக்கத் தொடங்கும். துத்தநாகப் பூச்சு வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. மின்முலாம் பூசியது பளபளவென்று வெள்ளியாக மின்னும். பூச்சு பத்து மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். உருக்கிய துத்தநாகத்தில், ஏறத்தாழ 450 டிகிரியில் முக்கி எடுத்தது மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். பூச்சு 50, 80 மைக்ரான் வரை போகும். காட்சிக்கூடத்தில் கண்ணைப் பறிப்பது முதல் வகை. ஐந்தாண்டு கழித்தும் முகம் கொடுப்பது இரண்டாவது.

அதற்கும் ஓர் எதிரி நம் மளிகையிலேயே இருக்கிறது. துத்தநாகம் மழையைத் தாங்கும், காற்றைத் தாங்கும்; புளியைத் தாங்காது. ஊறுகாய்ப் புட்டி ஒன்று உடைந்து எண்ணெயும் உப்பும் புளிப்பும் கலந்த சாறு கூண்டின் அடிக்கம்பியில் வழிந்து, யாரும் துடைக்காமல் ஒரு வாரம் கிடந்தால் போதும். கம்பிகள் குறுக்கே சேரும் பற்றவைப்புப் புள்ளிகளில் முதலில் வெள்ளைப் பொடி பூக்கும், பிறகு பழுப்பு. அந்தப் பழுப்பு கீழ்க் கூண்டின் அட்டைப்பெட்டியில் கோடாக இறங்கும். கறை பட்ட பெட்டியைக் கடைக்காரர் திருப்பி அனுப்புவார், உள்ளே சரக்கு நன்றாகவே இருந்தாலும். அதனால் ஊறுகாய், புளி, உப்பு, கருவாடு இவற்றுக்குப் பிளாஸ்டிக் பெட்டிதான் சரி என்பது என் முடிவு. எவர்சில்வர் கூண்டு கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. 304 தரத்தின் விலையைக் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். அந்த இடத்தில்தான் 201 தரம் குறைந்த விலையில் தலைகாட்டும். பாத்திரக் கடைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது. பெரும்பாலும் இரண்டிலுமே ஒட்டாது. உப்புக் காற்றில் சில மாதம் விட்டால் வித்தியாசம் தானே தெரியும், பணம் கொடுத்த பிறகு.

கம்பி வலையா, மூடிய தகடா என்பதில் தீயணைப்பும் எலியும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. கூரையில் ஸ்பிரிங்க்ளர் உள்ள கிடங்கில், மேலே திறந்த தகட்டுப் பெட்டி தண்ணீரைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். கீழடுக்கில் எரிவதற்கு நீர் போய்ச் சேராது, பெட்டியின் எடையும் ஏறும். வலைக் கூண்டில் நீர் இறங்கும். எலியும் அதே வழியில் இறங்கும். பருப்பையும் மிளகாயையும் சாக்கோடு வலைக் கூண்டில் வைப்பவர் எலிக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்முக்கு மாற்றுவதே வழி.

அரிசிக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. மூட்டை தன் பாரத்தைத் தானே தாங்கி, செங்கல் போல மாற்றி மாற்றி வைத்தால் சரியாமல் நிற்கும். அடியில் ஒரு பேலட் போதும். போதாததற்கு, 1990 முதல் நடப்பில் இருக்கும் அரிசிச் சேமிப்புத் திட்டத்தின்படி வெள்ளை அரிசி, பாஸ்மதி, பொன்னி, புழுங்கல் ஆகியவற்றை இறக்குமதி செய்பவர்கள் தங்கள் இறக்குமதியில் இரண்டு மாத அளவை அரசு குறித்த கிடங்கிலேயே இருப்பு வைக்க வேண்டும். பெரிய இருப்பு அங்கே போய்விடுகிறது. தன் கிடங்கில் மிஞ்சும் அரிசிக்காக இரும்பில் முதலீடு செய்பவர் எதற்காகச் செய்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

விற்பனையாளர்கள் தவறாமல் எடுத்துவிடும் வாதம் ஒன்று: மரப் பேலட்டைப் போல வெப்பச் சிகிச்சை முத்திரை தேவையில்லை, இரும்புக்கு விலக்கு உண்டு. உண்மைதான். மரத்தின் உட்புறம் 56 டிகிரியில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பது நாடுவிட்டு நாடு போகும் மரப்பொதிகளுக்கான பன்னாட்டு விதி. ஆனால் நம் வணிகரின் கூண்டு எந்த நாட்டுக்கும் போவதில்லை. சரக்கு இங்கே வருவது கொள்கலனில். 1972 ஜூனில் நிஹோன் என்ற கப்பல் தஞ்சோங் பகாருக்கு முதல் கொள்கலன்களைக் கொண்டுவந்தது. 2024ல் சிங்கப்பூர்த் துறைமுகம் கையாண்டவை இருபதடிப் பெட்டிக் கணக்கில் 4 கோடியே 11 லட்சம். வெளிப்பெட்டி இரும்பானதே ஒழிய, தூத்துக்குடியிலும் சென்னையிலும் அதன் உள்ளே மளிகை ஏற்றப்படுவது பெரும்பாலும் மூட்டையும் அட்டைப்பெட்டியுமாக, இண்டு இடுக்கு விடாமல், ஆள் கையால்தான். காலிக் கூண்டைத் திருப்பி அனுப்பக் கூலி கட்டுபடியாகாது. ஆகவே இரும்புக் கூண்டின் பிறப்பும் வாழ்வும் இந்தக் கிடங்கின் நான்கு சுவருக்குள்தான். மரத்துக்குரிய முத்திரை விதியைக் காட்டி அதை விற்பது, கடல் தாண்டாதவருக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுக்கும் வேலை.

நான்கு சுவரைத் தாண்டி லிட்டில் இந்தியா வரை போவதில் இன்னொரு சிக்கல். ஃபோர்க்லிஃப்டுக்காக அளவெடுத்த கூண்டு லாரி வரைக்கும் ஒழுங்காகப் போகும். கடை வாசலில் என்ன நடக்கிறது? லாரி நிறுத்த இடம் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் இறக்க ஃபோர்க்லிஃப்ட் இல்லை. வாசலில் அஞ்சடி நடைபாதை, ஒரு கடையின் முன் ஒரு படி உயரம், அடுத்த கடையின் முன் இரண்டு படி இறக்கம், இடையில் பூமாலைக் கடையின் மேசை. சக்கரம் வைத்த கூண்டு வண்டியே அங்கே இரண்டு கடை தாண்டாது. எனவே சரக்கு கிடங்கிலேயே கூண்டிலிருந்து வெளியே வந்து, பெட்டி பெட்டியாக லாரியில் ஏறி, தோளில் இறங்குகிறது. ஒரே சரக்கைக் கையால் தொடுவது குறையும் என்று சொல்லித்தானே கூண்டு வாங்கினோம்? இங்கே கூடியிருக்கிறது. கடைக்குப் போக வேண்டிய அளவிலேயே சிறிய அடுக்குப் பெட்டிகளில் முதலிலிருந்து போட்டு வைத்து, அந்தப் பெட்டிகளைப் பேலட்டில் அடுக்கியிருந்தால் ஒரு முறை மிச்சம். தேக்கா ஈரச்சந்தைக்கு வரும் காய்கறி பிளாஸ்டிக் கூடையிலேயே வந்து, கூடையிலேயே கடையில் நிற்பதைப் பார்த்தாலே போதும். அவர்கள் ஆலோசகர் வைத்துக் கண்டுபிடித்ததல்ல அது.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், தகட்டை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். மேல் கூண்டின் கால், கீழ்க் கூண்டின் விளிம்பில் கிண்ணம் மாதிரி உட்கார வேண்டும். நான்கில் மூன்று சரியாக உட்கார்ந்து, நான்காவது ஒரு சென்டிமீட்டர் விலகி விளிம்பின் மேல் ஏறி நின்றாலும் தூரத்திலிருந்து தெரியாது. அந்த நிலையில் மேலே இன்னும் இரண்டு ஏறினால் சாய்வு ஆரம்பம். புதுக் கூண்டுகள் எல்லாம் சரியாகத்தான் உட்காரும்; ஃபோர்க்லிஃப்ட் ஒரு காலை இடித்து வளைத்த பிறகுதான் சங்கதி. ஆகவே கேட்க வேண்டியது, கால் வளைந்தால் மாற்ற முடியுமா, கதவின் சுருள்வில் தாழ் தனியாகக் கிடைக்குமா என்பது. பற்றவைத்துச் சரிசெய்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும், மறுபடி துரு. பேலட் ஜேக் நுழையுமா என்றும் பார்க்க வேண்டும். அடியில் குறுக்குச் சட்டம் இருந்தால் ஜேக்கின் சக்கரம் தரையில் இறங்க இடமிருக்காது. கிரேனில் தூக்குவதாக இருந்தால் கதையே வேறு. தூக்குக் கருவிகளை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் பார்க்க வேண்டும் என்பது இங்கே சட்டம். முள்ளால் தூக்கச் செய்த கூண்டில் சங்கிலி மாட்டித் தொங்கவிடும் யோசனையே கூடாது.

இதையெல்லாம் முதலாளியைவிட நன்றாக அறிந்தவர்கள் கிடங்கில் இருக்கிறார்கள். புதுக்கோட்டையிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ வந்து, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற, சரக்கு எடுக்கிற தம்பிமார்கள். “இது ஆடுதுண்ணே, மேல வைக்க வேணாம்” என்று ஒருவர் சொல்லும்போது அந்தக் கூண்டை ஓரம் கட்டுகிற சூப்பர்வைசர் இருந்தால் பிழைத்தோம். வாங்கும் முன் அவர்களைக் கேட்பது அரிதிலும் அரிது. கேட்டிருந்தால் கதவு பாதியாக இறங்கும் கூண்டைச் சொல்லியிருப்பார்கள். முழு உயரச் சுவருள்ள கூண்டின் அடியில் கிடக்கும் கிரைண்டர் கல்லை எடுக்க, விளிம்பில் வயிற்றை அழுத்தித் தலைகீழாகக் குனிந்து, நுனிவிரலால் இழுக்க வேண்டும். நாள் முழுக்க அப்படி எடுத்த முதுகுக்கு எந்தத் தகட்டிலும் கிலோக் கணக்கு இல்லை.

இரும்புக்கு இருக்கும் ஒரு நல்ல குணத்தை விற்பவர்கள் சரியாகச் சொல்வதில்லை: கழித்தாலும் காசு. உடைந்த பிளாஸ்டிக் பேலட்டைத் தூக்கிப் போடக் கூலி கொடுக்க வேண்டிவரலாம். வளைந்த கூண்டை எடைக்குப் போடலாம். ஜூரோங்கில் 1961ல் தொடங்கப்பட்ட இரும்பாலை, இன்று நாட்ஸ்டீல், பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பி வார்க்கிறது. வாடகை ஒப்பந்தம் முடிந்து வேறு யூனிட் தேடும்போது, நிலையான ரேக்கைக் கழற்றி மாட்டும் செலவோடு ஒப்பிட்டால் கூண்டை லாரியில் ஏற்றிப் போய்விடலாம் என்பதும் உண்மையான வசதி. இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாறுகிற சிறு வணிகருக்கு இதற்கு மதிப்புண்டு.

நான் ஒரு நடுத்தர மளிகை, பாத்திர இறக்குமதியாளராக இருந்தால், ஆண்டின் மெலிந்த மாதங்களில் எத்தனை கூண்டு நிறைந்திருக்கும் என்று எண்ணி, அந்த எண்ணிக்கை மட்டும் வாங்குவேன்: முக்கி எடுத்த துத்தநாகப் பூச்சு, மடங்கும் வகை, பாதிக் கதவு, கிடங்கில் ஏற்கெனவே இருக்கும் 1200க்கு 1000 பேலட்டுக்கு ஒத்த அடி. விளக்கும் அண்டாவும் பானையும் அவற்றில் போகும். அரிசி பேலட்டில், ஊறுகாயும் புளியும் பிளாஸ்டிக்கில். தீபாவளிக்குக் கூடுதலாக வேண்டியதை இரண்டு மாத வாடகைக்குக் கேட்டுப் பார்ப்பேன். கிடைக்காவிட்டால் அந்த இரண்டு மாதம் மட்டும் பேலட்டில் ஓர் அடுக்குக் குறைத்து வைத்துச் சமாளிப்பேன். ஆர்டர் கொடுப்பதற்கு முன் இரண்டே இரண்டு கூண்டு வாங்கி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தம்பியிடம் ஒரு மாதம் விட்டுவிடுவேன். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.